நான்கு லிட்டர் நீர்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழ்பவனுக்கு, நான்கு லிட்டர் நீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சாளரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசை ஏன் வர வேண்டும் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். என் அலுவலக நண்பர்களும் அதையே கேட்டார்கள். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே கிடக்கும் பாராடாங் தீவுக்கு வருவோர் சுண்ணாம்புக் குகையைக் காண்பர், சேற்று எரிமலையைக் காண்பர், அலையாத்திக் காட்டினூடே படகில் செல்வர், மாலைக்குள் திரும்பிவிடுவர். மத்திய அரசின் எழுத்தராகப் பணிமாற்றம் பெற்று இங்கு வந்த நானோ திரும்ப முடியாதவன். காண வேண்டியவற்றையெல்லாம் முதல் மாதத்திலேயே கண்டு முடித்துவிட்டேன். எஞ்சிய ஆண்டுகளில் நான் கண்டது ஒரு குடுவையைத்தான். அதைப் பற்றிச் சொல்வதற்கும், அதன் பொருட்டு நான் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்வதற்குமே இக்கட்டுரை.

குடுவை என்னுடையதன்று, என் மகளுடையது. அப்போது அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். ஹைட்ரில்லாத் தண்டுகளை நீருள் வைத்து, மேலே புனலையும் சோதனைக் குழாயையும் கவிழ்த்து, வெயிலில் குமிழ்கள் எழுவதைக் காட்டும் பள்ளிச் சோதனை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வகுப்பு முடிந்ததும் எறியவிருந்த பாசியை அவள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். கடைத்தெருவில் மிட்டாய் போட்டு வைத்திருந்த பழைய கண்ணாடிச் சீசா ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினாள். அடியில் தோட்டத்து மண்ணைச் சலித்து இரண்டு விரல் உயரம் பரப்பினாள். அதன்மேல், நன்கு அலசிய ஓடை மணலை அதே அளவு போட்டு மூடினாள். கடற்கரை மணல் உப்பும் சிப்பித்தூளும் கலந்தது, ஆகாது என்றாள். மணல் கலையாதபடி ஒரு சிறு தட்டின் மேல் மெல்ல நீரை ஊற்றினாள். அந்நீரும் குழாயிலிருந்து பிடித்து ஒரு நாள் திறந்து வைக்கப்பட்டது. அதிலுள்ள குளோரின் அகல வேண்டுமாம். பாசியோடு இரண்டு சிறு நத்தைகளும் வந்திருந்தன. கிழக்குச் சாளரத்தில், காலை வெயில் ஓரிரு மணி நேரம் மட்டும் படும் இடத்தில் சீசாவை வைத்தாள். வெயில் மிகுந்தால் நீர் பச்சைக் குழம்பாகிவிடும். குறைந்தால் செடி நலியும் என்பது அவள் விளக்கம்.

இளங்கலையில் வரலாறு பயின்ற எனக்கு, செடியைவிட அதன் வரலாற்றில்தான் நாட்டம் சென்றது. விடுமுறை நாள்களில் தேடிப் படித்தேன். 1771-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாத் தண்டு ஒன்று மீண்டும் நற்காற்றாக்குவதைக் கண்டார். 1779-ல் யான் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், செடியின் பச்சைப் பகுதி மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, அதைச் செய்கிறது என்று காட்டினார். நீருள் மூழ்கிய இலைகளிலிருந்து எழும் குமிழ்களே அவருக்குச் சான்றாயின. 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய சீசாவினுள் தாமே முளைத்த செடிகள் நீர் ஊற்றாமலே வாழ்வதைக் கண்டு வியந்தார். அவ்வியப்பிலிருந்து பிறந்த கண்ணாடிப் பேழைகளில் கடல் கடந்து செடிகள் பயணம் செய்தன. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர், பன்னிரண்டு காலன், அதாவது ஏறக்குறைய 54 லிட்டர், கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நீரியாச் செடியையும் வைத்தார். அழுகும் இலைகளால் நீர் கெடத் தொடங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. நான்காண்டுகள் கழித்து பிலிப் காஸ் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்ற சொல் ஊரெங்கும் பரவியது.

இவ்வளவும் படித்த நான், 54 லிட்டருக்கு இரண்டு மீன் என்ற கணக்கை மட்டும் கவனியாது விட்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள், குடியிருப்பின் சாக்கடையோரம் வற்றிக்கொண்டிருந்த குட்டையிலிருந்து மகள் ஒரு சிறு மீனைக் கையில் ஏந்தி வந்தாள். தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்தது போன்ற மீன். நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். கொசுப்புழுவை விரும்பித் தின்னும். இக்குடும்பத்தில் அந்தமானுக்கே உரிய இனம் ஒன்று உண்டென்றும், 1906-ல் முதன்முதல் விவரிக்கப்பட்ட அது தனியினமே என்று 2018-ல் மீண்டும் நிறுவப்பட்டதென்றும் பின்னர் அறிந்தேன். அன்று எங்களுக்கு அது வெறும் 'பொட்டு'. அதுவே அதன் பெயராயிற்று.

அவ்வாண்டு ஜூனில் மகள் எங்களைப் பிரிந்தாள். தமிழை முறையாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். விருதுநகரில் என் தாயார் தனித்திருந்தது மற்றொரு காரணம். இங்கிருந்து புறப்படுவது எளிதன்று. ஜாரவாப் பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே செல்லும் சாலையில் ஊர்திகள் குறித்த நேரத்தில் அணியாகவே விடப்படும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அன்றைய போர்ட் பிளேரை அடைந்து, அங்கிருந்து சென்னை, பின் ரயில். விடியுமுன் கிளம்பும்போது அவள் அழவில்லை. குறிப்பேட்டுத் தாள் ஒன்றைச் சீசாவின் அடியில் செருகினாள். "நீரை முழுவதும் மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். மண்ணைக் கிளற வேண்டாம். பொட்டுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் உணவு வேண்டாம்."

இருபதாண்டுகளாகக் கோப்புகளைத் தூசு தட்டி அடுக்கிப் பழகியவன் நான். கண்ணாடியில் படிந்த பழுப்பு நிறமும், மணல்மேல் கிடந்த நத்தை எச்சமும் என் கண்ணை உறுத்தின. ஒரு ஞாயிறன்று, மகளுக்குச் செய்யும் தொண்டாக எண்ணி, சீசாவைக் கவிழ்த்தேன். மணலைப் பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவினேன். பாசியை ஒவ்வொரு தண்டாகத் தேய்த்தேன். அப்போதுதான் பிடித்த குழாய் நீரை நிரப்பினேன். மீன் களைத்திருக்கும் என்று இரு மடங்கு உணவும் இட்டேன். சீசா பளிங்குபோல் மின்னியது. மூன்றாம் நாள் காலை பொட்டு மல்லாந்து மிதந்தது.

என்ன நேர்ந்தது என்பதைப் பின்பு படித்துத் தெரிந்துகொண்டேன். மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறும், அது நஞ்சு. மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடி உணவாகக் கொள்ளும். இந்நுண்ணுயிர்களின் செயலை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டையொட்டித் தெளிவாக்கினார். நான் அழுக்கென்று கழுவித் தள்ளியது இந்த உயிர்த்திரளைத்தான். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மூலிகைகளைப் பற்றிப் பேசாது உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசுவது ஏன் என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

ஞாயிறு மாலை மகள் அலைபேசியில் அழைத்தாள். "பொட்டு எப்படி இருக்கிறதப்பா?" என்றாள். "நலமாக இருக்கிறதம்மா" என்றேன். நாவில் அச்சொல் எவ்வளவு எளிதாக வந்தது! "நீ எப்படி இருக்கிறாய்?" என்றேன். "நலமாக இருக்கிறேனப்பா" என்றாள். இணைப்பு அறுந்தது. இப்படியே ஏழு ஞாயிறுகள்.

பொய்யை மெய்யாக்கும் முயற்சியாக, குட்டையிலிருந்து மற்றொரு மீனைப் பிடித்து விட்டேன். இவ்வினம் துள்ளிக் குதிப்பதில் வல்லது என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. மறுநாள் காலை அது தரையில் எறும்பு மொய்க்கக் கிடந்தது. என் மனைவி அதை வாரி எடுத்துக்கொண்டே, "இன்னும் எத்தனை உயிரைக் கொண்டு வந்து அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை. நான் அன்றிரவே மகளுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை நாள் வாரியாக, மறைக்காமல் எழுதினேன். அலுவலகத்தில் எத்தனையோ விளக்கக் கடிதங்கள் எழுதியவன். இதற்கு நான்கு தாள்களைக் கிழித்தேன்.

மறுமொழி வர மூன்று வாரம் ஆயிற்று. "அப்பா, அவ்வளவு சிறிய சீசாவில் மீனை விட்டதே என் தவறு. குட்டை வற்றினாலும் பக்கத்து ஓடையில் விட்டிருக்கலாம்" என்று தொடங்கியிருந்தாள். அடுத்த பத்தியில் இருந்தது நான் எதிர்பாராதது. "நானும் ஒவ்வொரு ஞாயிறும் நலம் என்று பொய்தான் சொன்னேன். வகுப்பில் என்னிடம் ஒருவரும் பேசுவதில்லை. என் தமிழில் இந்தி கலந்திருக்கிறது என்று சிரிக்கிறார்கள். பாட்டிக்குத் தெரியாமல் கிணற்றடியில் அழுவேன்."

அக்கடிதத்தைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நலம் என்றபோதெல்லாம் என் பொய் பிடிபடவில்லை என்ற நிம்மதியே எனக்கிருந்தது. அவள் குரலை நான் கேட்கவே இல்லை. மறுநாளே விடுப்புக்கு விண்ணப்பித்தேன். விருதுநகர் சென்று பத்து நாள் அவளோடு இருந்தேன். திரும்பி அழைத்துவரச் சித்தமாகத்தான் போனேன். அவளோ, "ஆண்டுத்தேர்வு வரை பார்க்கிறேன் அப்பா. ஆனால் ஞாயிறன்று உண்மையைத்தான் பேச வேண்டும், இருவரும்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

தீவுக்கு வந்ததும் சீசாவை மீண்டும் அமைத்தேன்; இம்முறை மீன் இல்லை. மண்ணை மணலால் மூடி அதன்மேல் நீர்ச்செடி நடும் முறையை, 1999-ல் வெளியான தம் நூலில் டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி விரிவாக விளக்கியிருக்கிறார். மகள் செய்ததும் அதுவே. புதிதாக நட்ட செடியின் பழைய இலைகள் முதலில் கரைந்து உருகும். அதைக் கண்டு அஞ்சிப் பிடுங்கக்கூடாது. சில வாரங்களில் அந்நீருக்கேற்ற புதிய இலை துளிர்க்கும். அக்காலத்தில் நான் அடிக்கடி விருதுநகரை நினைத்துக்கொண்டேன்.

கொசு முட்டையிடாதிருக்க வாயில் மெல்லிய வலைத்துணி கட்டினேன். நத்தையின் ஓடு வெளிறியபோது, கழுவிய முட்டையோட்டுத் துண்டு ஒன்றை இட்டேன்; சுண்ணச்சத்து அதற்குத் தேவை. கடற்கரையில் கிடக்கும் பவளத்தை அதற்காக எடுக்கலாகாது, சட்டம் தடுத்துள்ளது. அடிமண்ணில் காற்றுப் புகாவிடில் அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு திரளும். மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்திவிட்டால் குமிழாய் வெளியேறும். அதைக் காணும்போதெல்லாம் எங்கள் சேற்று எரிமலை நினைவுக்கு வரும். அங்கும் ஆழத்தில் மக்கிய பொருள்களின் வாயுதான் சேற்றைத் தள்ளிக்கொண்டு குமிழியிடுகிறது. உள்ளே அடைத்து வைத்தது ஏதோ ஒரு வழியில் மேலே வந்தே தீரும் போலும்.

ஒன்றை இங்கு வலியுறுத்த வேண்டும். மிகுந்த பாசியையோ நத்தையையோ ஓடையில் கொட்டிவிடக் கூடாது. 1942 முதல் 1945 வரை இத்தீவுகளை ஆண்ட ஜப்பானியர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்றும் தோட்டங்களை அழிக்கிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமான் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று பெருகிவிட்டது. தீவு என்பதும் ஒரு சீசாதான். வெளியிலிருந்து இடும் ஒரு கைப்பிடியும் அதன் சமனைக் குலைக்கும். வேண்டாத பாசியை நான் வெயிலில் உலர்த்தி எருவாக்குகிறேன்.

மே மாதம் மகள் வந்தாள். சீசாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பாதிப் பாசியைக் கிள்ளி எடுத்தாள். வெளிச்சம் அடிவரை செல்லட்டும் என்றாள். "ஒரு தண்டு ஊருக்கு எடுத்துப் போகிறாயா?" என்று கேட்டேன். "வேண்டாமப்பா, பாட்டி வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் இதே பாசி இருக்கிறது" என்றாள். இரண்டு தோழியர் கிடைத்திருக்கிறார்கள் என்றும், ஒருத்தியோடு மட்டும் இன்னும் சண்டை என்றும் சொன்னாள். ஜூனில் மீண்டும் சென்றாள். இம்முறை அழுதாள், நாங்களும் அழுதோம்.

குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவையையும், உடனிருந்து வாடும் கொட்டி, ஆம்பல், நெய்தலையும் மூதுரை உவமையாக்குகிறது. பணிமாற்ற ஆணைக்குக் காத்திருக்கும் எழுத்தர் என்றும் பறவை இனம்தான். எனக்கும் ஒருநாள் ஆணை வரும். அப்போது இச்சீசாவை அடுத்த குடியிருப்பாளரிடம், அந்தக் குறிப்பேட்டுத் தாளோடு விட்டுச் செல்வேன்.

அதுவரை ஞாயிறு தோறும் மகளுக்கு அறிக்கை தருகிறேன். சென்ற வாரம் சொன்னது இது: "நத்தை கண்ணாடியில் முட்டையிட்டிருக்கிறது. புதிதாக ஐந்து தளிர். ஒரு தண்டு அழுகிவிட்டது, எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இன்று தேவலை. நீ சொல்."