ஷயரின் மேயர்

பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், 'லோர்ட் ஒப் த ரிங்ஸ்' திரைப்படத்தின் மூன்றாம் பாகம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"அப்பப்பா, இந்தச் சின்ன ஆக்களுக்கு ராசா ஆர்?"

ராசா இல்லை, மேயர்தான் என்றேன். அவன் நம்பவில்லை.

ரோல்கீனின் நூல் 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதில் ஹொபிற்றுகள் வாழும் ஷயரில் தேயின் என்றொரு பரம்பரைப் பதவி உண்டு. அது பெரும்பாலும் பெயரளவிலானது. மெய்யான அதிகாரி மிச்சல் டெல்விங் நகரின் மேயர் ஒருவரே. ஏழாண்டுகளுக்கு ஒருமுறை, கோடை நடுவில் கூடும் சந்தையில் அவரைத் தெரிவு செய்வார்கள். விருந்துகளுக்குத் தலைமை தாங்குவதே அவருடைய முதன்மையான கடமை! தபால் சேவையும் காவற்பணியும் அவர் பொறுப்பில் இருந்தன. உள்ளூர்க் காவலுக்கு முழு ஷயருக்கும் பன்னிரண்டு பேர். சீருடை என்று பார்த்தால் தொப்பியில் ஓர் இறகு மட்டும்.

கதைநாயகர்களில் ஒருவனான தோட்டக்காரன் சாம் பின்னாளில் ஏழு தடவை மேயராகிறான். நாற்பத்தொன்பது ஆண்டுகள்! விடிய விடிய வானொலியருகே அமர்ந்து தேர்தல் முடிவுகளைக் குறித்தெடுத்த பழக்கமுள்ள எனக்கு, இதை முதலில் வாசித்தபோது உறுத்தியது. நாற்காலியை விடாதவர்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? விருந்தும் கடிதப் பையும்தான்.

என்னைக் கூடுதலாகத் தொட்டவர் சாமுக்கு முன்னிருந்த வில் விற்பூட். பருத்த உடம்புக்காரர், ஊராரின் கேலிக்கு ஆளானவர். வீரபுருஷர் அல்லர். நாயகர்கள் ஊரில் இல்லாத வேளையில் லோத்தோ என்பவன் அடியாட்களை இறக்கி ஷயரைக் கைப்பற்றுகிறான். அதைக் கண்டித்து நேரில் கேட்கப் புறப்பட்ட ஒரே அதிகாரி இந்த மேயர். வழியிலேயே பிடித்துச் சிறையிலடைத்தார்கள். பன்னிரண்டு காவலர் நூற்றுக்கணக்கானோராகப் பெருகினர். பீற்றர் ஜக்சன் 2003இல் எடுத்த படத்தில் இந்த அத்தியாயமே இல்லை. பேரனைக் குறை சொல்லிப் பயனில்லை.

விடுதலையானபோது விற்பூட் பட்டினியால் மெலிந்திருந்தார். அவர் உடல் தேறும்வரை புரோடோ பதில் மேயராகிறான். உலகையே காத்துத் திரும்பியவன் அந்தப் பதவியிலிருந்து செய்தது ஒன்றே ஒன்று: காவலரின் தொகையையும் பணியையும் பழைய அளவுக்குக் குறைத்தான். ரோல்கீன் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாகவே நம் நாட்டில் கொண்டுவரப்பட்டது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. நெருக்கடியில் கூட்டிய அதிகாரத்தை நெருக்கடி தீர்ந்த கையோடு குறைத்த செய்தியை எழுதும் வாய்ப்பு, என் பத்திரிகை வாழ்வில் எனக்கு அரிதாகவே கிடைத்தது.

இவ்வளவையும் பேரனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, அந்த மேயருக்குப் பிறகு சாப்பாடு குடுத்தவையா?"

கொடுத்தார்கள் என்றேன். அவர் மீண்டும் மேயராகி, ஏழாண்டுகள் விருந்துகளுக்குத் தலைமை தாங்கி, பின்னர் தாமாகவே விலகியதையும் சொன்னேன்.