கால் மில்லிமீற்றர்

ஹெந்தளையில் எங்கட வீடு நிக்கிறது முத்துராஜவெலச் சதுப்பு ஓரத்தில், மண் போட்டு நிரப்பின காணியில். குசினித் தூணின் அடி இரண்டு வருசமாய் உதிருது. விரலால் தட்டினாலே கொட்டும். புதுக் குசினி கட்ட அம்மா சங்கிலியை அடகு வைத்தபோதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. இதுவும் உதிர்ந்தால்?

"எல்லாச் சிமெந்தும் ஒண்டுதான்" என்றார் மேசன் பாஸ். பொறியியல் படிக்கிற மச்சான், "வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று தன்ர ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனார். நாங்கள் அக்கா தங்கச்சி இரண்டு பேருமே கலைப்பீடம். அங்க போய் முழிச்சுக்கொண்டு நின்றோம்.

கடலோரச் சதுப்புச் சேற்றில் இரும்பு சல்பைட்டு இருக்கும். தோண்டிக் காற்றுப் பட்டால் அது சல்பேற்றாக மாறும். தண்ணியோட கொன்கிரீட்டுக்குள் போய், சிமெந்தில் உள்ள அலுமினேற்றோடு சேர்ந்து ஊசி ஊசியான பளிங்காய் வளரும். இடம் போதாமல் உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். மிகேலிஸ் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் 1890களில் இதற்கு வைத்த பெயர் 'சிமெந்துக் கிருமி'. எங்கட தூணைத் தின்றது இதுவா, வெறும் கடலுப்பா என்பதை மண்ணையும் தூணையும் சோதித்தால்தான் சொல்லலாமாம்.

ஏஎஸ்டிஎம் சீ 1012 என்ற சோதனை எளிமையானது. 285 மில்லிமீற்றர் நீளச் சாந்துக் கம்பிகளை, லீற்றருக்கு 50 கிராம் சோடியம் சல்பேற்று கரைத்த தண்ணியில் ஊறப்போட்டு, மாதக்கணக்காய் நீளத்தை அளப்பார்கள். ஆறு மாதத்தில் 0.10 வீதத்துக்குள் நீண்டால் நடுத்தர எதிர்ப்பு, 0.05 வீதத்துக்குள் என்றால் உயர் எதிர்ப்பு. அளக்கும் 250 மில்லிமீற்றரில் 0.10 வீதம் என்பது வெறும் கால் மில்லிமீற்றர்!

மச்சானின்ர கம்பிகள் ஆறு மாதம் ஊறியிருந்தன. சாதாரண போட்லண்ட் சிமெந்து அந்தக் கோட்டைத் தாண்டி, மூலைகளில் வெடித்திருந்தது. நிலக்கரிச் சாம்பல் கலந்தது 0.05ஐயே தொடவில்லை.

"அப்ப சாம்பல் மூட்டையை வாங்கினால் சரியா?" என்றோம்.

"பாதிதான் சரி. இங்க தண்ணியை அளந்து ஊத்திறம். உங்கட பாஸ் குழாயால ஊத்துவார். தண்ணி கூடினால் துளை கூடும், எந்தச் சிமெந்தையும் அந்த வழியால தின்னும்."

அத்திவாரம் போட்ட அன்று வாளியோட நாங்களே நின்றோம். 50 கிலோ மூட்டைக்கு 22 லீற்றர், ஈர மணலில் உள்ள தண்ணியும் அதுக்குள்ளதான். பாஸ் முறைத்தார், "கலவை இறுகுது" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் குழாயைப் பூட்டினா.