நான் வரையாமல் விட்ட சுருள்

என் லீனியர் ஆம்ப்ளிஃபையர் நிலையாக இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதன் சர்க்யூட்டைப் பிறருக்குக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்வது எதுவும் இதற்குச் சமாதானம் ஆகாது.

ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு 813 வால்வுகள். கிரிட்டுகளைச் சேஸிஸில் இணைத்து, ஃபிலமென்ட் வழியாகச் சிக்னலை ஏற்றும் கிரவுண்டட் கிரிட் அமைப்பு. பிளேட்டில் 2,200 வோல்ட். ஜெனரல் கிரேடு ஹாம் ரேடியோ லைசென்ஸுக்கு அனுமதித்த 400 வாட் சுலபமாக வந்தது. 40 மீட்டர் பேண்டில் எல்லோரும் ‘ஃபைவ் நைன்’ என்று சிக்னல் ரிப்போர்ட் கொடுத்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

கிரவுண்டட் கிரிட் என்றால் ஆசிலேஷன் பயமே இல்லை என்று சொல்லித் திரிந்தேன். 7 மெகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் சரி. ஆனால் பிளேட்டிலிருந்து ட்யூனிங் கண்டென்சருக்குப் போகும் ஒரு சாண் கம்பி, விஹெச்எஃப்பில் ஒரு சுருளாகவே வேலை செய்யும். கிரிட்டைச் சேஸிஸுக்கு இறக்கும் கம்பியும் நீளமாக இருந்தால், அந்த அலைவரிசையில் கிரிட் கிரவுண்டில் இல்லை. அப்போது வால்வு தன்பாட்டுக்கு ஆசிலேட்டர் ஆகிவிடும். மருந்து சின்னது. கிரிட்டுக்கு அகலமான செம்புப் பட்டை. பிளேட் கம்பியில் 50 ஓம் கார்பன் ரெசிஸ்டர், அதன்மேல் மூன்று நான்கு சுற்றுக் கம்பி. பேரசிட்டிக் சப்ரஸர் என்போம். கையேடுகளில் இருப்பதுதான். கையேடு பார்த்துக் கட்டுகிறவனா நான் என்ற திமிரில் விட்டுவிட்டேன்.

ஓர் இரவு டிரைவ் கொடுக்காமலே ட்யூனிங் குமிழைத் திருப்பினேன். ஓரிடத்தில் பிளேட் கரண்ட் முள் துள்ளியது. கிரிட் மீட்டர் பின்னோக்கிச் சாய்ந்தது. நீளமான பிளாஸ்டிக் குழாயின் நுனியில் நியான் பல்பைக் கட்டிப் பிளேட் பக்கம் நீட்டினேன். எரிந்தது. குமிழை நகர்த்தினேன். அணைந்தது. அப்போதே பிரித்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் ஹாம் ரேடியோ நெட்டில் இந்த ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். டயலில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்தப் பக்கம் போகாவிட்டால் போயிற்று. நண்பர்களுக்குக் கொடுத்த தாளில் அந்தக் கோடு இல்லை.

ஒரு கல்லூரி மாணவன் அதைப் பார்த்துக் கட்டினான். அவனுடைய வால்வுகள் ஆசிலேஷனில் கிளம்பின. ஹைவோல்டேஜ் ஃபியூஸ் போனது. மெயின்ஸை அணைத்து, மூடியைத் திறந்து, ஃபியூஸை எடுக்கக் கை நீட்டினான். ஃபில்டர் கண்டென்சர்களைத் தொடராக வைத்தால் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். நான் சிக்கனம் பார்த்து, சார்ஜை வடிக்க மொத்தத்துக்கும் ஒரே பிளீடர் ரெசிஸ்டர் வரைந்திருந்தேன். அவனிடம் அது எரிந்து அறுந்திருந்தது. 30 மைக்ரோஃபாரட், 2,200 வோல்ட். 70 ஜூலுக்கு மேல் அப்படியே நின்றது. மணிக்கட்டு சேஸிஸில் பட்டிருந்ததால் மின்சாரம் நெஞ்சுக்குப் போகாமல் கையோடு இறங்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. சாலிடரிங் அயர்னை இப்போது இடது கையில் பிடிக்கிறான்.

ஆஸ்பத்திரியில் அவன் சொன்னான்: “நான்தான் லீடை நீளமா விட்டுட்டேன் போல சார். உங்களுது நல்லாத்தானே ஓடுது.” அவன் அம்மா எனக்குக் காபி வாங்கிவரச் சொன்னார். குடித்தேன். “இனிமே பார்த்துச் செய்ப்பா” என்றேன். நான் செய்ததிலேயே கேவலமானது அந்த வார்த்தைதான். சப்ரஸரை விட்டது திமிர். இது கோழைத்தனம்.

பிறகு விட்டுப்போன எல்லாவற்றையும் சேர்த்துப் புதுத் தாள் வரைந்தேன். மேலே ‘மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதினேன். ‘பிழை திருத்தம்’ என்று எழுதக் கை வரவில்லை. ஆகவே பழைய தாளை வைத்திருந்தவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். நன்றாக ஓடுவதை யார் மாற்றுவார்கள்?

இந்த மாதம்தான் அவன் வீட்டுக்குப் போய்ப் பென்சில் கோட்டைப் பற்றிச் சொன்னேன். “அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சார்” என்றான். அதற்குமேல் பேசவில்லை.

பழைய தாளில் ஒரே ஒரு பிளீடர்தான் இருக்கும். பிளேட் கம்பியில் சப்ரஸர் இருக்காது. அப்படிக் கட்டியவர்கள் இனி ஓட்டாதீர்கள். பிரிக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். ஷார்ட்டிங் கம்பியின் ஒரு முனையை முதலில் சேஸிஸில் மாட்டுங்கள். காப்பிட்ட பிடியால் மறுமுனையைக் கண்டென்சர்கள் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.