பரமண்டல ஜெபமும் ஒரு புரோநோட்டும்

போன வாரம் ஒரு நாள் ராத்திரி குடும்ப ஜெபம் முடிச்சிட்டு பாயைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். அஞ்சாம் கிளாஸ் படிக்கிற என் பொண்ணு வந்து பக்கத்துல நின்னா.

"அப்பா, பரமண்டல ஜெபத்துல நீங்க ஏன் நடுவுல ஒரு வரியை மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"எந்த வரி?"

"அதான், கடன்னு வருமே, அது. மூணு நாளா கவனிக்கிறேன்."

கையும் களவுமா மாட்டிக்கிட்டேன். "தொண்டை கட்டியிருக்கும்மா"ன்னு சொல்லி சமாளிச்சேன். ஆமென் சொல்லி ரெண்டு நிமிஷம் கூட ஆகல, அதுக்குள்ள ஒரு பொய்! அவ நம்பின மாதிரி தெரியல. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல. இதே கேள்வியை எங்க அப்பாவைப் பார்த்து நானும் கேட்டிருக்கேன். அதனால இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறுத்துக்கோங்க மக்களே.

சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரத்துல ஒரு சின்ன ஊர் எங்க ஊர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். ரேடியோவுல செய்தி முடிஞ்சதும் அணைச்சிட்டு, "பாயை விரில"ன்னு ஒரு குரல் கொடுப்பார். பாமாலையில ஒரு பாட்டு. அப்புறம் ஆளுக்கு ரெண்டு வசனமா வேத வாசிப்பு. எண்ணாகமத்துல வம்சப் பட்டியல் வந்தா நானும் அக்காவும் யாருக்கு எந்தப் பேர் மாட்டும்னு முன்னாடியே எண்ணி வச்சுக்குவோம். கடைசியில முழங்கால்ல நின்னு அப்பாவோட ஜெபம். எங்க வீட்ல ஆரம்பிச்சு, தெருவுல நோயாக் கிடக்குறவங்க, ஐயர், உபதேசியார், கலெக்டர், பிரதம மந்திரி வரைக்கும் போயி, மழையில வந்து முடியும். கலெக்டர் வர்றதுக்குள்ள நான் தூங்கியிருப்பேன். ஹி ஹி.

எல்லாம் முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். அப்பா குரல்தான் பெருசா கேக்கும். ஒரு வரி வரும்போது மட்டும் அந்தக் குரல் நின்னுடும். அந்த இடத்துல அம்மா குரல் ஒரு படி கூடும். அடுத்த வரிக்கு அப்பா திரும்ப வந்து சேர்ந்துக்குவார். நடந்து போறவர் ஒரு குழியைத் தாண்டிப் போற மாதிரி இருக்கும்.

மத்த மத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது இயேசுவே சீஷர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஜெபம். மத்தேயு 6லயும் லூக்கா 11லயும் இருக்கு. அன்னன்னைக்கு வேண்டிய சாப்பாட்டைக் கேட்ட கையோட அடுத்ததா மன்னிப்பைக் கேக்குற இடம் வரும். நாங்க எங்களுக்குக் கடன்பட்டவங்களை மன்னிக்கிற அளவுக்கு எங்களையும் மன்னியும்னு கேக்குறது. கத்தோலிக்க நண்பர்கள் வழக்கமாச் சொல்ற ஜெபத்துல இந்த இடத்துல தீமை, பாவம்னு வரும். 1995ல வந்த திருவிவிலியத்துல குற்றம்னு இருக்கும். நாங்க சி.எஸ்.ஐ.காரங்க சொல்ற பழைய மொழிபெயர்ப்புல நேரடியா 'கடன்'. மத்தேயுவோட கிரேக்க மூலத்துலயும் அந்தச் சொல்தான். இயேசு பேசின அரமாயிக்ல கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்லு. இதெல்லாம் நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. எங்க வீட்டுப் பிரச்சனைக்கு கிரேக்கம் எதுவும் தேவைப்படல. அங்க கடன்னா கடன்தான். இருபதாயிரம் ரூபாய்.

1991 ஜனவரியில சித்தப்பா வந்தார். கருப்பட்டியும் முருங்கைக்காயும் ஏத்த பழைய மினி லாரி ஒண்ணு விலைக்கு வருதாம். "மே மாசம் திருப்பித் தந்திருதேன் அண்ணே." அப்பா பி.எஃப்.ல லோன் போட்டு வச்சிருந்த பணம் அது. அக்கா பிளஸ் டூ எழுதப் போறா, பாளையங்கோட்டையில காலேஜ், ஹாஸ்டல் எல்லாத்துக்குமா சேர்த்து வச்சது. கூடப் பிறந்த தம்பியாச்சே, கொடுத்தார். சித்தப்பாவே புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அது மேல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மே வந்துது. லாரி இன்ஜின் போச்சு. பணம் வரல. அக்காவுக்கு நல்ல மார்க். ஆனா அந்த வருஷம் காலேஜுக்குப் போகல. டைப்ரைட்டிங் போனா. அப்புறம் தபால் வழியில பி.ஏ. முடிச்சா.

புரோநோட்டுக்கு ஆயுசு மூணு வருஷம். அதுக்குள்ள ஒரு வரவு வச்சோ, எழுதி வாங்கியோ புதுப்பிக்கலைன்னா கோர்ட்டுல செல்லாது. அப்பா புதுப்பிக்கல. கிழிச்சும் போடல. வேதப் புத்தகத்துல மத்தேயுவுக்குள்ள மடிச்சு வச்சிருந்தார். கவர்மெண்டு 1994லயே சித்தப்பாவை மன்னிச்சிடுச்சு. எங்க அப்பாவால முடியல.

கோயில்லயும் இதே கதைதான். மாசத்துல ஒரு ஞாயிறு நற்கருணை. யாரோடயாவது மனஸ்தாபம் இருந்தா சமாதானமாகிட்டுத்தான் அந்தப் பந்திக்குப் போகணும்னு சின்ன வயசுலேருந்தே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எல்லாரும் வரிசையா எழுந்து போவாங்க. அப்பா உக்காந்தே இருப்பார். ஊரே பார்க்கும். ஐயர் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். சித்தப்பா மட்டும் தவறாமப் போயிட்டு வருவார். அம்மாவுக்குப் பத்திக்கிட்டு வரும். "வாங்கினவரு போறாரு, கொடுத்தவரு உக்காந்திருக்காரு. இது எந்த ஊரு நியாயம்?"

இன்னொண்ணும் சொல்லணும். 1947ல உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950ல கொண்டு வந்த நற்கருணை ஆராதனை முறையில 'சமாதானம்' கொடுக்குற வழக்கத்தைச் சேர்த்தாங்க. கேரளத்து சிரியன் சபைகள்ல இருந்து வந்த வழக்கம். ஐயர் முன்வரிசைக்குக் கை கொடுப்பார், அவங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கு, அவங்க அடுத்த வரிசைக்குன்னு கை மாறிக் கை மாறி வாசல் வரைக்கும் போகும். அப்பா மூணாவது வரிசை. சித்தப்பா வாசல் பக்கம். அப்பா கையிலேருந்து புறப்பட்ட சமாதானம் பத்து இருபது கை தாண்டி சித்தப்பாவைப் போய்ச் சேரும். நேரா மட்டும் ஒருநாளும் போனதில்ல.

சின்ன வயசுல எனக்கு அப்பா மேல கோவம்தான். பக்தியா இருக்கிற மாதிரி இருந்துக்கிட்டு இவ்வளவு கல்நெஞ்சமான்னு நினைப்பேன். கேக்கத் தைரியம் வந்தது 2012ல. பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மும்மணி ஆராதனையில சிலுவையில சொன்ன ஏழு வார்த்தைகளைப் பத்திப் பிரசங்கம் நடக்கும், தெரியுமில்லையா. முதல் வார்த்தையே மன்னிப்பைப் பத்தினது. அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்ல (2012ல தமிழ்நாட்டுல கரண்ட் இருந்தாத்தானே அதிசயம்!). திண்ணையில நானும் அப்பாவும் மட்டும். கேட்டுட்டேன்.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார்.

"நான் இன்னும் அவனை மன்னிக்கலல. மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய். வேற எங்க வேணா பொய் சொல்லிரலாம். முழங்கால்ல நின்னுக்கிட்டு சொல்லக் கூடாது. அதுல ஒரு 'போல' இருக்குல்லா? நான் அவனுக்குச் செஞ்சது போல எனக்கும் செய்யும்னு கேக்கோம். மன்னிக்காம அதைச் சொன்னா, என்னையும் மன்னிக்காதேயும்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபது வருஷமா அந்த வீட்ல அந்த ஜெபத்தை அர்த்தத்தோட சொன்ன ஒரே ஆள், அதைச் சொல்லாம இருந்த அப்பாதான். நாங்கல்லாம் வாய்ப்பாடு ஒப்பிச்சிருக்கோம்.

"சரிப்பா, இருபதாயிரம்தானே. விட்டுரக் கூடாதா?"

"என் பணம்னா எப்பவோ விட்டிருப்பேன். அது உங்க அக்கா படிப்பு. அவளுக்கு வரவேண்டியதை மன்னிக்க நான் யாருல?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஈஸ்டருக்கு அக்காவும் பிள்ளைகளோட தூத்துக்குடியில இருந்து வந்திருந்தா. மறுநாள் அப்பாவே அவகிட்ட கேட்டார். 21 வருஷத்துல முதல் தடவையா. அக்கா முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தா. கையை நிறுத்தாமலே சொன்னா:

"எனக்குத் தெரியலப்பா. சில நாள் விட்டுட்டேன்னு தோணும். யாராவது 'காலேஜ் எங்க படிச்ச'ன்னு கேட்டா திரும்ப வந்துரும். விட்டுட்டேன்னு தோணுற அன்னைக்கு அந்த வரியைச் சொல்லுவேன். இல்லாத அன்னைக்கு சொல்ல மாட்டேன்."

அப்பா ஜெபத்துல நிறுத்துறதை அத்தனை வருஷமாக் கவனிச்ச நான், பக்கத்துலயே முழங்கால் போட்டிருந்த அக்காவைக் கவனிக்கவே இல்ல. இதை எழுதும்போது கூட வெக்கமா இருக்கு.

அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல அந்த வரியில அப்பா குரலைக் கேட்டேன். ரொம்ப மெதுவா. அம்மாதான் பாதியில நின்னுட்டாங்க.

ஈஸ்டர் ஆராதனை முடிஞ்சு அப்பா புரோநோட்டை எடுத்துக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். கட்டிப் பிடிச்சு அழுவாங்கன்னு நான் நினைச்சேன். நடந்தது வேற. சித்தப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "எனக்குப் பிச்சை போட வந்தியா அண்ணே? இருக்கட்டும் அது உன்கிட்டயே. நான் தாரேன்." அப்போ அவர் ஒரு மில்லுல வாட்ச்மேன். அந்த ஜூன்ல இருந்து மாசம் 500 ரூபாய் கொண்டு வந்து கொடுத்தார். அப்பா வேண்டாம்னு சொல்லல. வாங்கி, புரோநோட்டுக்குப் பின்னாடி தேதி போட்டு வரவு எழுதி, பணத்தை அக்காவுக்கு அனுப்பினார்.

"மன்னிச்சிட்டீங்கள்ல, அப்புறம் ஏன் வாங்குறீங்க?"ன்னு போன்ல கேட்டேன்.

"வாங்காட்டி அவன் தலை நிமிர மாட்டாம்ல"ன்னார்.

27 மாசம் கொடுத்தார். 13,500 ரூபாய். 2014 செப்டம்பர்ல சித்தப்பா தவறிட்டார். அடக்கத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க அப்பா தம்பி தலைமாட்டுல உக்காந்திருந்தார். வீட்டுக்கு வந்து புரோநோட்டை எடுத்து, மீதி 6,500க்கு நேரா 'தீர்ந்தது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நற்கருணைக்கு எழுந்து போனார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இனி பிரச்சனை இல்ல, தினமும் அந்த வரியைச் சொல்லிருவாங்க"ன்னேன்.

அம்மா சொன்னாங்க: "எங்க! இப்பவும் சில நாள் சொல்ல மாட்டாவ."

2018ல அப்பாவும் போயிட்டார். அந்த வேதப் புத்தகம் இப்போ என்கிட்ட. புரோநோட்டும் மத்தேயுவுக்குள்ளயே இருக்கு.

சரி, என் கதைக்கு வர்றேன். பத்து வருஷமா கூடவே இருந்த நண்பன் ஒருத்தன். அவன் வாங்கின லோனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருஷமா தவணையை நான்தான் கட்டிக்கிட்டு இருக்கேன். பணம் கூட பெருசில்ல. என் போனை எடுக்க மாட்டேங்கிறான். போன வாரம் ஒரு கல்யாணத்துல என்னைப் பார்த்ததும் வேற வாசல் வழியா வெளிய போயிட்டான். அன்னையில இருந்துதான் அந்த வரி எனக்கு வாயில வரல. வேணும்னு நிறுத்தல. தானா நின்னுடுச்சு.

அப்பா ஏன் சில நாள் சொன்னார், சில நாள் சொல்லலைன்னு இப்போ யோசிச்சுப் பார்க்கிறேன். அந்த வேண்டுதல் அன்னன்னைக்கு உள்ள சாப்பாட்டுக்கு அடுத்தாப்புல இருக்கு. நேத்து சாப்பிட்டது இன்னைக்குப் பசிக்கு ஆகாது. மன்னிப்பும் அப்படித்தான் போல. ஒரு தடவை எழுதித் தீர்க்கிற புரோநோட்டு இல்ல அது. தினமும் உலை வைக்கணும்.

மறுநாள் ராத்திரி ஜெபத்துக்கு முன்னாடி பொண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "தொண்டை எல்லாம் கட்டலம்மா. ஒரு மாமா மேல அப்பாவுக்குக் கோவம். கோவம் இருக்கும்போது அதைச் சொன்னா பொய்யாயிடும். அதான்."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "சரி, நீங்க சொல்லாத அன்னைக்கு நான் சத்தமா சொல்லிடுறேன்"ன்னா.

எங்க அம்மா செஞ்சதும் அதேதான். இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

இதை எழுதிக்கிட்டு இருக்கிற இன்னைக்கு வரைக்கும் எனக்கு வரல. நாளைக்கு அவன் நம்பருக்கு இன்னொரு தடவை போன் பண்ணிப் பார்க்கணும். பணத்தைப் பத்தி இல்லாம, சும்மா எப்படி இருக்கேன்னு கேக்க.

பி.கு: அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் போடுறேன். "சித்தப்பா பேரைப் போட்டுறாத, பாவம்"னு மட்டும் சொன்னா.