கருவியறிவும் காரணவறிவும்: கணினி வலையமைப்பியலில் முதுமாணிக் கல்வி

இளமாணிப் பட்டம் பெற்ற மாணவரொருவர் மேலும் ஈராண்டு பல்கலைக்கழகத்தோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள விழைவதற்குக் காரணங்கள் பல இருத்தல் கூடும். அறிவின்மேற் கொண்ட வேட்கை ஒன்று, பதவியுயர்வு மற்றொன்று, கடல்கடந்து செல்வதற்கு வாயில் தேடுதல் பிறிதொன்று. இவற்றுள் எதனையும் இழிவானதெனத் தள்ளிவிடுதல் முறையன்று. ஆயினும், வரலாற்றிலோ மெய்யியலிலோ முதுமாணி பயில்வாரை நோக்கி, “இதனாற் பயன் யாது?” என வினவும் சமூகம், கணினி வலையமைப்பியலில் முதுமாணி பயில்வாரை நோக்கி அவ்வாறு வினவுவதில்லை. பயன் வெளிப்படை என அது கருதுகின்றது. உண்மையில், வினா எழுப்பப்பட வேண்டிய இடம் அதுவேயாகும். ஏனெனில், சமூகம் கருதுகின்ற அப்பயனை முதுமாணிப் பட்டம் இன்றியே பெற்றுக்கொள்ளலாம்.

வங்கியொன்றின் கிளைகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கும், மருத்துவமனையொன்றின் கணினிகள் தடையின்றி உரையாடுமாறு செய்வதற்கும், பழுது நேர்ந்தவிடத்து அதனைக் கண்டறிந்து சீர்செய்வதற்கும் வேண்டிய திறனைப் பயிற்சி நிலையங்கள் சில மாதங்களிற் கற்பிக்கின்றன. வலையமைப்புக் கருவிகளை ஆக்கும் நிறுவனங்களே பரீட்சை நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றன. சிஸ்கோ நிறுவனம் 1998 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய தொடக்கநிலைச் சான்றிதழ் இவற்றுட் பெரிதும் அறியப்பட்டது. வேலை தருவோர் அதனை மதிக்கின்றனர். தந்தையின் ஊதியம் போதாத வீட்டிலே மூத்த பிள்ளையாகப் பிறந்த ஒருவர் முதுமாணியை விடுத்துச் சான்றிதழை நாடுவாராயின், அது தக்க தெரிவேயன்றிக் குறையன்று.

எனினும், அச்சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு மாத்திரமே செல்லுபடியாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது. மூன்றாண்டு கழிந்ததும் அதனைப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். இது வணிகத் தந்திரம் மட்டுமன்று; அவ்வறிவின் இயல்பும் அதுவே. கருவிகள் மாறுந்தோறும் கருவிகளைப் பற்றிய அறிவும் மூப்படைகின்றது. ஆகவே, முதுமாணிப் பட்டமும் கருவிகளைப் பற்றிய அறிவையே இன்னும் சற்று விரிவாக வழங்குமாயின், அதற்காக ஈராண்டுகளையும் பெரும்பணத்தையும் செலவிடுவதிற் பொருளில்லை. அப்பட்டம் வேறொன்றை வழங்கல் வேண்டும். அது யாது என்பதற்கு, இத்துறை தோன்றிய வரலாற்றிலேயே விடை உண்டு.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு 1969 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் முதல் நான்கு நிலையங்களுள் ஒன்று லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். அங்கே கணினிகள் ஒன்றோடொன்று எவ்வாறு உரையாட வேண்டும் என்னும் விதிகளை வகுக்கும் பொறுப்புப் பேராசிரியர்களிடம் இருக்கவில்லை. ஸ்ரீவ் குரொக்கர், வின்ற் சேர்வ், ஜோன் பொஸ்ரல் முதலிய பட்டப்பின் மாணவரே அதனைத் தாங்கினர். 1969 ஏப்பிரல் 7 ஆம் திகதியிடப்பட்ட முதற் குறிப்பைக் குரொக்கர் எழுதினார். தாம் எழுதுவது அதிகாரபூர்வமான கட்டளை எனத் தோன்றி எவரேனும் மனம் வருந்துவரோ என அஞ்சி, அக்குறிப்புகளுக்குக் ‘கருத்துரைக்கான வேண்டுகோள்’ என்னும் பொருள்பட அவர் பெயரிட்டார். அப்பெயரிலேயே இணையத்தின் விதிகள் இன்றும் வெளியிடப்பட்டு வருகின்றன. அதே ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் திகதி முதற் செய்தியை அனுப்ப முனைந்தவரும் சாளி கிளைன் என்னும் மாணவரே. ‘லொகின்’ என்னும் சொல்லின் இரண்டு எழுத்துக்கள் மறுமுனையைச் சென்றடைந்ததும் அங்கிருந்த கணினி செயலிழந்தது.

இவ்வரலாற்றை மாணவர் பெருமை பேசுவதற்காக நினைவுகூர வேண்டியதில்லை. வலையமைப்பியல் என்பது முடிந்த முடிபாக மேலிருந்து இறங்கி வந்த கலையன்று; வினவியும், கருத்துக் கேட்டும், தவறியும், திருத்தியும் வளர்ந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. சான்றிதழுக்குப் படிப்பவர் வலையமைப்பின் ஏழு அடுக்குகளை வரிசை பிறழாது ஒப்புவிப்பார். முதுமாணி பயில்பவர் அடுக்குகள் ஏன் ஏழாயின என்று கேட்டல் வேண்டும். அந்த ஏழடுக்கு மாதிரி 1984 ஆம் ஆண்டு சர்வதேச நியமமாக வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1983 சனவரி முதலாந் திகதி, ஆர்ப்பாநெற் வேறொரு நெறிமுறைத் தொகுதிக்கு மாறிவிட்டது. பாடநூல்களில் ஏழடுக்கும், நடைமுறையில் மற்றையதும் நிலைபெற்றமை எவ்வாறு என்பது வெறும் பொறியியல் வினாவன்று. அதனுள் வரலாறும் உண்டு, அரசியலும் உண்டு.

முதுமாணிக் கல்வியின் இயல்பை விளங்கிக்கொள்ள ரொபேட் மெற்காஃப் என்பவரின் அனுபவம் பெரிதும் துணைசெய்யும். அவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றபின், ஆர்ப்பாநெற்றை ஆராய்ந்து கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதினார். 1972 ஆம் ஆண்டு பரீட்சகர்கள் அதனை ஏற்க மறுத்தனர். ஆய்வேட்டிற் கோட்பாட்டு வலு போதாது என்பது அவர்தம் முடிவு. அவ்வேளை ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் அவருக்கு வேலையும் உறுதியாகியிருந்தது. பட்டமின்றியே வந்து சேருமாறும், ஆய்வேட்டை அங்கிருந்தே நிறைவுசெய்யுமாறும் அந்நிலையம் கூறிற்று.

அக்காலத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் ஏப்பிரம்சன் எழுதிய கட்டுரையொன்று மெற்காஃபின் கைக்கு எட்டியது. ஹவாய் பல தீவுகளாலானது. தீவுகளுக்கிடையே தொலைபேசி வழியிற் கணினிகளை இணைப்பது எளிதாக இருக்கவில்லை. ஆதலால், ஏப்பிரம்சனும் அவர்தம் குழுவினரும் வானொலி அலையைக் கையாண்டனர். அலோஹா எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பிற் பேச விரும்பும் நிலையம் அனுமதி கேளாது பேசும். இரு செய்திகள் மோதி அழியுமாயின், இரண்டும் எழுமாற்றாகச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் பேசும். இதன் திறனைக் கணிதவாயிலாக நிறுவிய அக்கட்டுரையில் மெற்காஃப் ஒரு குறையைக் கண்டார். மறுமொழி கிடையாதபோதும் பயனர்கள் ஓயாது தட்டச்சுச் செய்துகொண்டேயிருப்பர் என்னும் எடுகோளின்மீது அக்கணிதம் கட்டப்பட்டிருந்தது. மனிதர் அவ்வாறு செய்வாரல்லர், மறுமொழிக்காகக் காத்திருப்பர். எடுகோளைத் திருத்தியபோது கணிதமும் மாறிற்று. நெரிசலுக்கேற்பக் காத்திருக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் வழியும் புலப்பட்டது. அந்த ஆராய்ச்சி சேர்க்கப்பட்ட ஆய்வேடு 1973 ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அவர் எழுதிய குறிப்பொன்றிலிருந்து ஈதர்நெற் பிறந்தது. இன்று அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் வடங்கள் வழியே கணினிகளை இணைக்கும் முறை பெரும்பாலும் அதன் வழித்தோன்றலேயாகும்.

பரீட்சகர்களின் மறுப்புச் சரியா, பிழையா என்று தீர்ப்பது ஈண்டு நோக்கமன்று. வலையமைப்பைக் கட்டத் தெரிந்த ஒருவரை நோக்கி, “அது ஏன் இயங்குகின்றது?” என்று பல்கலைக்கழகம் வினவிற்று. அவ்வினா அவரைப் புண்படுத்தியது. ஆயின், அவ்வினாவுக்கு விடை தேடிய வழியிலேதான் அவர் தம் பெரும்பணியைக் கண்டடைந்தார். வேலைத்தலம் கேட்காத வினாவைக் கேட்பதே பல்கலைக்கழகத்தின் தனியுரிமை. அதனைக் கேளாத முதுமாணி வகுப்பு, பயிற்சி நிலையத்தின் விலையுயர்ந்த பதிப்பாகவே அமையும்.

இத்துறையின் காரணவறிவு எத்தகையது என்பதற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1986 ஒக்ரோபரிற் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், 400 யார் இடைவெளியில் அமைந்த இரு நிலையங்களுக்கிடையிலான தகவலோட்டம் செக்கனுக்கு 32,000 பிற் என்ற அளவிலிருந்து வெறும் 40 பிற் என்ற அளவுக்கு வீழ்ந்தது. வடம் அறுபடவில்லை, கருவி பழுதடையவுமில்லை. ஒவ்வொரு கணினியும் தனக்கு விதித்த நெறிமுறைப்படியே நடந்தது. வழியில் நெரிசல் ஏற்பட்டுப் பொதிகள் தொலைந்தன. தொலைந்தவற்றை ஒவ்வொரு கணினியும் உடனே மீள அனுப்பிற்று. அதனால் நெரிசல் மேலும் பெருகிற்று. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கல் கரெல்ஸ் என்னும் இருவரும் புதிய வடங்களைக் கோரவில்லை. அனுப்புநரின் நடத்தையை மாற்றினர். மெதுவாகத் தொடங்குக; வழி தெளிவாயிருப்பின் படிப்படியாகக் கூட்டுக; இழப்புத் தெரிந்தவிடத்துப் பெருமளவு குறைத்துக்கொள்க என்பதே அவர்களின் விதி. 1988 ஆம் ஆண்டு வெளியான அக்கட்டுரை வகுத்த வழியிலேயே இணையத்தின் நெரிசற் கட்டுப்பாடு வளர்ந்தது.

கலைப்பீட மாணவர் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்பர். பொதுக்குளத்து நீரைப் பங்கிடும் உழவரைப் பற்றியும், பொதுநிலத்தில் மேயும் மந்தைகளைப் பற்றியும் சமூகவியலும் பொருளியலும் வினவும் வினாவன்றோ இது? காவலர் எவரும் இல்லாத இடத்தில், ஒருவரையொருவர் அறியாத பலர், வரையறுக்கப்பட்ட ஒரு வளத்தை அழித்துவிடாது பகிர்ந்துகொள்வது எங்ஙனம்? வலையமைப்பியல் தன் ஆழத்தில் இவ்வினாவையே ஆராய்கின்றது. 1909 ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங், தொலைபேசி அழைப்புகள் வந்துசேரும் ஒழுங்கைக் கணிதத்தால் விளக்கிய நாள் முதல் இத்துறையின் அடிப்படைகள் பெரிதும் மூப்படையவில்லை. அவற்றைக் கற்ற மாணவர் கருவி மாறும்போது திகைப்பதில்லை.

முதுமாணி ஆய்வேடு கலாநிதிப் பட்டத்திற்கு ஒரு படிக்கட்டு மாத்திரமே என்றும், அதிற் பெரிதாக எதனையும் சாதித்தல் இயலாது என்றும் கருதுவோர் உளர். குளோட் ஷனன் 1937 ஆம் ஆண்டு மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் எழுதி அளித்தது முதுமாணி ஆய்வேடே. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. தொலைபேசி இணைப்பகங்களிலும் வழங்கிய மின் ஆளிச் சுற்றுகளை அளவையியலின் குறியீடுகளால் விவரிக்கலாம் என்று அவர் காட்டினார். எண்ணிமக் கணினி வடிவமைப்பின் அடித்தளங்களுள் ஒன்று அவ்வாறு இடப்பட்டது. இளமாணிக் காலத்தில் அவர் மெய்யியற் பாடத்திற் கற்ற அளவையியலே அதற்குத் துணைநின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது. எல்லோரும் ஷனன் ஆதல் இயலாது. ஆனால், சிறியதோர் இடத்தைத் தெரிந்து அதனைத் தெளிவாக நோக்குதல் எல்லோர்க்கும் இயலும்.

அத்தகைய இடங்கள் இலங்கையில் இல்லாமற் போகவில்லை. 2004 ஓகஸ்ட் மாதத்திற் கொழும்புக்கு அண்மையிற் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தை அறுத்தது. நாட்டின் வெளியுலக இணையத் தொடர்பின் பெரும்பகுதி அதனால் முடங்கிற்று. ஒரு வழியை மாத்திரம் நம்பியிருக்கும் தீவின் நிலை யாது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. அதன்பின் வேறு வடங்கள் வந்து சேர்ந்தன. எனினும், எவ்வழி அறுந்தால் எவர் தனித்துவிடப்படுவர் என்னும் வினா ஒவ்வொரு மாவட்டத்திற்கும் உரியது. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திற் பல்கலைக்கழக விரிவுரைகள் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் துணையோடு இணையவழி நடந்தேறின. மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கிப் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்த வலையமைப்பு அது. விரிவுரை ஒன்றாயினும், அதனைக் கேட்ட மாணவர் நிலை ஒன்றாக இருக்கவில்லை. வீட்டினுள் அலை கிடையாமற் கூரைமேலும் மரத்தின்மேலும் ஏறியவர் உளர். 2022 ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டு நிலவியபோது அத்துயர் வேறு வடிவில் மீண்டது. மின் குறைந்த வேளையில் எச்சேவையை முதலிற் காத்தல் வேண்டும் என்பதற்குச் செல்வ நாடுகளின் பாடநூல்கள் ஆயத்தமான விடை தருவதில்லை. ஹவாயின் தீவுநிலை அலோஹாவைப் பிறப்பித்தது போல, இந்நாட்டின் குறைகளும் ஆராய்ச்சிக்குக் கருவாதல் கூடும்.

மொழி பற்றிய வினாவும் இங்கு எழுகின்றது. இத்துறையின் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. அது தவிர்க்கற்பாலதும் அன்று. ஆயினும், தமிழ்மொழி மூலம் உயர்தரம் பயின்று வந்த மாணவர், பொருளோடு மொழியையும் ஒருங்கே வெல்ல வேண்டியவராகின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். உடற்கூற்றைத் தமிழிற் சொல்ல இயன்றதாயின், பொதியின் வழியையும் தமிழிற் சொல்ல இயலும். முதுமாணி பயின்றவர் தாம் கற்றதன் ஒரு கூறையேனும் தமிழில் விளக்க முனைவாராயின், பின்வருவோரின் சுமை அந்த அளவுக்குக் குறையும். தமக்குத் தெளிவாகாத ஒன்றைத் தாய்மொழியில் விளக்குதல் எவர்க்கும் அரிது; ஆதலால், அம்முயற்சி அவருக்கும் ஓர் உரைகல்லாகும்.

இறுதியாக, இப்பட்டத்தின் விலையையும் மறைத்தல் தகாது. பகலில் வேலையும் வார இறுதியில் வகுப்புமாகக் கழியும் ஆண்டுகள் குடும்பத்திடமிருந்து எடுக்கப்பட்டவை. கட்டணத்திற்காகப் பெற்ற கடன் பட்டமளிப்பு விழாவோடு தீர்ந்துவிடுவதில்லை. பட்டம் பெற்றதும் பலர் வெளிநாடு செல்கின்றனர்; 2022 இன் நெருக்கடிக்குப்பின் அவர்களைக் குறைகூறுதல் எளிதன்று. இத்துணை விலை கொடுப்போர் பெறுவது இன்னுமொரு கருவியின் பெயராக இருத்தலாகாது. ஆகவே, முதுமாணி வகுப்பில் சேர விரும்பும் மாணவர் பாடத்திட்டத்தைக் கையிலெடுத்து, அதிற் கணிதம் எவ்வளவு, ஆய்வேடு கட்டாயமா, வினவும் உரிமை உண்டா என்று முதலில் நோக்குவாராக. அவற்றைத் தாராத வகுப்பைக் காட்டிலும் சான்றிதழே மேல். பணமும் காலமும் எஞ்சும். அவற்றைத் தரும் வகுப்புக் கிடைக்குமாயின், கடன்பட்டும் கற்கலாம். பிறர் ஆக்கிய கருவிகளைக் காவல் செய்வோர் இந்நாட்டில் ஏற்கெனவே போதிய அளவில் உளர். அவை ஏன் அவ்வாறு ஆக்கப்பட்டன என்று கேட்போரே இனித் தேவைப்படுகின்றனர்.