இடக்கரடக்கல்

தகுதி வழக்கு மூன்று என்பது நன்னூல்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. முதலாவதற்குப் பள்ளியில் தரப்படும் எடுத்துக்காட்டு பலருக்கும் நினைவிருக்கும். மலங்கழித்து வந்தான் என்னாது கால் கழுவி வந்தான் என்பது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் இந்த நாகரிகத்தின்மீது எங்களுக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆனால் மருத்துவரின் மேசைக்கு எதிரே அமர்ந்த பின்னும் நம்மவர் இடக்கரடக்கலைக் கைவிடுவதில்லை என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு நன்னூலைப் பாடஞ் சொன்னவர் ஒரு தமிழாசிரியர். ஞாயிறு மாலைகளில் எங்கள் வாசகர் வட்டம் கூடுவது அவருடைய வீட்டு மாடியில்தான். நாங்கள் அவரை ஐயா என்றே அழைத்து வந்தோம், அவர் எங்களிற் சிலரைவிட இளையவர் என்றபோதும். மலத்துடன் குருதி வருவதை ஓராண்டுக்கும் மேலாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோதும் "கொஞ்சம் சூடு" என்றுதான் சொன்னார். உடம்புச் சூட்டுக்கு நம் வீடுகளில் மருந்தா இல்லை? துத்திக்கீரை வந்தது, கருணைக்கிழங்கு வந்தது, வாரம் இருமுறை எண்ணெய்க் குளியல் வந்தது. அப்புறம் பேருந்து நிலையச் சுவரெங்கும் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதிவைத்திருக்கும் வைத்தியசாலைகளுள் ஒன்றுக்குப் போனார். அங்கே ஊசி போட்டார்கள். ஊசி போட்டவர் அவரைப் படுக்க வைத்துச் சோதிக்கவே இல்லை. கட்டி இருந்ததோ மலக்குடலின் கீழ்ப்பகுதியில். கையுறை அணிந்த விரலால் ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்திருந்தாலே தட்டுப்பட்டிருக்கும் என்று பின்னாளில் அறுவை மருத்துவர் சொன்னார். அதற்குள் அது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அப்போது ஐயாவுக்கு வயது 47.

மூலத்திலும் குருதி வரும், புற்றிலும் வரும். பார்வைக்கு இரண்டையும் பிரித்தறிய நோயாளியால் இயலாது. நாற்பதைக் கடந்தவருக்குக் குருதிப்போக்கு நீடித்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறிக் கிடந்தாலோ, காரணம் தெரியாமல் இரும்புச்சத்துக் குறைந்து சோகை கண்டாலோ, எடை குறைந்தாலோ, உள்ளே பார்த்துவிடுவதே முறை. (பெருங்குடலின் வலப்புறத்துக் கட்டி பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியாதபடி சிறுகச் சிறுகக் கசியும். சோர்வும் மூச்சிரைப்பும் மட்டுமே அறிகுறி. சத்து மாத்திரை வாங்கி விழுங்கிக் காலங்கழிப்போர் பலர்.)

இந்நோயின் இயல்பில் ஒரு சலுகை உண்டு. அது அவசரப்படுவதில்லை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு தசைமுளையாகத் தோன்றி, அவற்றுள்ளும் பெரும்பாலும் அடினோமா என்னும் வகை மரபணுக்கள் ஒவ்வொன்றாய்ப் பழுதுபட்டுப் புற்றாக முதிர்கிறது. இதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவும் ஆகலாம். பத்தாண்டும் அந்த முளை வலிப்பதில்லை. அந்த இடைவெளியில் கண்டு அறுத்தெடுத்துவிட்டால் புற்று பிறப்பதே இல்லை. 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா என்னும் மருத்துவர், நெகிழ்குழாய் வழியே கம்பிக் கண்ணியைச் செலுத்திப் பாலிப்பைச் சுருக்கிட்டு அறுத்தெடுத்தார். அதுவரை அதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. இவருடைய பெயர் இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரிந்திருக்கலாம் என்பது எங்கள் ஆதங்கம்.

குழாய் விடாமலும் ஒரு வழியுண்டு. மலத்தில் மறைந்திருக்கும் குருதியைச் சோதித்தல். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,551 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆய்ந்து 1993-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொண்ட குழுவில் பெருங்குடற் புற்றால் நேர்ந்த சாவு மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. சிறு அட்டையில் தடவிய ஒரு துளி மலம் இத்தனை உயிரைக் காக்குமென்றால் அதன் பெயரைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

அடுத்தது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். புற்று என்னாது 'கட்டி' என்றும் 'அந்த வியாதி' என்றும் சொல்வதும் அதன்பாற்படும். ஐயாவின் வீட்டில் அவருடைய அன்னையார் முன்னிலையில் அச்சொல் கடைசிவரை உச்சரிக்கப்படவில்லை. தல்ஸ்தோயின் 'இவான் இலியீச்சின் மரணம்' எங்கள் வட்டத்தில் முன்பே படித்து விவாதித்த குறுநாவல். அதில் மருத்துவர்கள் இடம்பெயர்ந்த சிறுநீரகமா, குடல்முனையா என்று ஆராய்வார்கள். நோயாளி கேட்க விரும்பியதற்கு மட்டும் விடை கிடைக்காது. ஐயா அந்நூலை மீண்டும் கேட்டு வாங்கிப் பாதியில் திருப்பித் தந்துவிட்டார். நாங்கள் ஏனென்று கேட்கவில்லை.

இச்சொல்லை மறைப்பதால் உறவினர் இழப்பதும் உண்டு. 1895-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோய்க்கூற்றியல் அறிஞர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம், அவருக்குத் தையல்வேலை செய்துவந்த பெண்மணி, தன் குடும்பத்தார் போலவே தானும் புற்றால்தான் சாவேன் என்று சொன்னார். வார்த்தின் அதைச் சிரித்து ஒதுக்காமல் அவர் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து 1913-இல் வெளியிட்டார். அப்பெண்மணி தாம் சொன்னபடியே கருப்பைப் புற்றால் இறந்தார். பின்னர் ஹென்றி லிஞ்ச் தொடர்ந்து ஆய்ந்த பரம்பரைக் குடற்புற்று இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அந்தத் தையற்பெண்மணி தம் வீட்டுச் சாவுகளைப் பெயர் சொல்லிப் பேசியிராவிட்டால் அந்த ஆய்வு எங்கே தொடங்கியிருக்கும்? நம் குடும்பங்களில் தாத்தா 'வயிற்று வலியால்' போனார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால், 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போதே சோதனை தொடங்க வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. ஐயாவின் தம்பிக்கு அப்போது 43. அந்தக் கணக்குப்படி ஆறாண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

அவர் எட்டு மாதம் மறுத்தார். பயமில்லை என்றார், வேலை என்றார். இறுதியில் "நர்ஸெல்லாம் இருப்பாங்களே" என்றார். எங்களில் இருவர் ஐம்பதைக் கடந்தவர்கள். வா, மூவரும் சேர்ந்தே செய்துகொள்வோம் என்று அழைத்ததும்தான் இசைந்தார். முதல்நாள் திட உணவு கூடாது. இளநீர், வடிகட்டிய சாறு, சர்க்கரையிட்ட வெறுந்தேநீர் ஆகலாம். சிவப்புநிறப் பானம் மட்டும் ஆகாது, உள்ளே குருதியென மயங்கச் செய்யும். மாலையில் இரண்டு லிட்டர் நீரில் கரைத்த உப்புக்கரிக்கும் மருந்தைக் குவளை குவளையாகக் குடித்தாக வேண்டும். உண்மையான துன்பம் அதுவே. இரவெல்லாம் மூவரும் அலைபேசியில் எண்ணிக்கை பரிமாறிக்கொண்டோம். அவ்வளவு வெளிப்படையாக நாங்கள் அதற்குமுன் பேசியதில்லை. மறுநாள் மயக்க ஊசியும், அரைமணி நேர உறக்கமும், கொஞ்சம் வயிற்று உப்புசமும். அவ்வளவே. குடலில் துளை விழும் அபாயம் மிக அரிது, ஆனால் அறவே இல்லையென்று யாரும் சொல்லவில்லை. கையொப்பம் வாங்கும்போதே விளக்கினார்கள்.

அப்படியானால் எல்லாரும் உடனே ஓட வேண்டுமா? அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் தொடங்கப் பரிந்துரைக்கிறார்கள். அங்கே நோய் மிகுதி. இந்தியாவில் அவ்வளவு இல்லை. நம் அரசின் புற்றுநோய் முன்சோதனைத் திட்டம் வாய், மார்பு, கருப்பைவாய் ஆகிய மூன்றையே கொண்டது. ஐரோப்பாவில் நடந்து 2022-இல் வெளியான பேராய்வில், கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினரே வந்தனர். அழைக்கப்பட்ட குழு முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது பத்தாண்டில் நோய் குறைந்தது 18 விழுக்காடு. எதிர்பார்த்ததைவிடச் சிறிய எண்தான். ஆகவே ஊரையே வரிசையில் நிறுத்த வேண்டுமென்று நாங்கள் வாதிடவில்லை. குடும்பத்தில் நோய் கண்டவர்களைத்தான் வற்புறுத்துகிறோம். குருதி கண்டவருக்கோ இது முன்சோதனை என்ற கணக்கிலேயே வராது. அவர் தள்ளிப்போடவே கூடாது.

அறிக்கை வந்தது குழூஉக்குறியில். பொன்னைப் பறி என்னும் பொற்கொல்லரை விஞ்சுபவர்கள் மருத்துவர்கள். 'டியூபுலர் அடினோமா, லோ கிரேட்' என்றிருந்ததை நாங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்லக் கேட்டோம். எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. தம்பிக்கு மூன்று முளைகள், பெரியது 12 மில்லிமீட்டர். மூன்றும் அன்றே அகற்றப்பட்டுவிட்டன, புற்றில்லை. மூன்றாண்டு கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

ஐயாவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு 37 ஆவது எந்த ஆண்டு என்று எண்ணிப் பார்த்து, அந்த ஆண்டையும், எதற்கென்பதையும், ஐயாவின் நன்னூல் பிரதியின் முதற்பக்கத்தில் அவளே எழுதிவைத்திருக்கிறாள்.