கிளிக்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவையாற்றிலிருந்து தில்லியில் உள்ள நம் இல்லத்திற்குத் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. நம் அன்னையார் பிறந்து வளர்ந்த வீடு விலைபோய்விட்டதாம். அன்னையார் வேறொன்றும் சொல்லவில்லை. நாவை மேல்வாயில் ஒட்டி விடுவித்து இருமுறை உச்சுக் கொட்டினார். அருகில் இருந்த எட்டு வயது மகன், “பாட்டி, ஏன் வாயாலே கிளிக் பண்றீங்க?” என்று கேட்டுச் சிரித்தான். அவரும் சிரித்துவிட்டார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவன்மீது குறை சொல்வதற்கில்லை. கிளிக் என்பது இன்று நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொல். ஒரு சிறு பொருள் மற்றொன்றில் சென்று பொருந்தும்போது எழும் ஓசையைப் போலச் செய்து ஆங்கிலேயர் அமைத்துக்கொண்ட ஒலிக்குறிப்பு அது. அந்தப் பொருந்துதலே அதன் பிற பொருள்களுக்கும் வேராயிற்று எனலாம். விளங்காத கணக்கு திடீரென விளங்கினால் கிளிக். இருவர் மனம் ஒத்துப்போனால் கிளிக். திரைப்படம் மக்கள் மனத்தைக் கவர்ந்தாலும் கிளிக். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் கணினிச் சுட்டெலியைப் பலரறிய இயக்கிக் காட்டினார். சுட்டெலி வீடுதோறும் வந்தபின், அதன் பொத்தானை அழுத்துவதும் கிளிக் ஆயிற்று. புகைப்படத்தை ‘கிளிக் செய்வது’ மட்டும் பெரும்பாலும் நம் நாட்டு ஆங்கில வழக்கு. ஆங்கிலேயர் படத்தை ‘எடுப்பதே’ வழக்கம். கைப்பேசியில் படமெடுக்கும்போது கேட்கும் ஓசையோ, பழைய காமிராவின் ஓசையைப் போலச் செய்து உள்ளே வைத்த ஒன்று.

தமிழுக்கு ஒலிக்குறிப்பில் பஞ்சமில்லை. இரட்டைக் கிளவிக்குத் தொல்காப்பியமே இலக்கணம் வகுத்துள்ளது. விளங்காதது விளங்கினால் நமக்குப் பொறி தட்டும். படத்தை எடுப்போம், பிடிப்போம். கணினிக்கும், விரலையும் சாட்டையையும் சொடுக்கிய பழக்கத்தால், ‘சொடுக்கு’ என்ற சொல்லை வழங்கிவிட்டோம். உச்சுக் கொட்டுவதோ இவற்றினும் நுண்மையானது. அவ்வொலியை ஆங்கிலேயர் ‘டட் டட்’ என எழுதுவர். அவர்களிடம் அது பெரும்பாலும் கண்டிப்பைக் காட்டும். நம்மிடமோ அது இரக்கம். பிறர் துயரைக் கேட்டு, சொல் எழாதபோது நா செய்யும் ஆறுதல்.

வந்த சொல்லை விரட்ட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஐந்து சொற்கள் இருந்த இடத்தில் ஒன்றே குடியேறினால், ஓசை நிற்கும், உணர்ச்சி போய்விடும். பிள்ளைகள் தாமாக இவற்றை அறிவார்கள் என்று நாமும் வாளாவிருந்துவிட்டோம். ஊரில் தெருவும் திண்ணையும் கற்பித்ததை இங்கே யார் கற்பிப்பது?

அன்று மாலை மகனை அழைத்து, பாட்டி எழுப்பிய ஒலியின் பொருளைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு அவரிடம் சென்று, “பாட்டி, அந்த வீட்டில் கிணறு இருந்ததா?” என்று கேட்டான். அன்னையார் சொல்லத் தொடங்கினார். இரவு உணவிற்கு அவர்களை இருமுறை அழைக்க வேண்டியதாயிற்று.